வட்டத்துக்கு வெளியே ஒரு பொத்தான்

"செவ்வாய், பிற்பகல் 3.40. பள்ளி நூலக அறை. மழை. தாள் எண் 64. ஐந்து பொத்தான். அப்பா வெளியே. ம."

என்னுடைய பழைய களக் குறிப்பேடு ஒன்றில் இந்தப் பதிவு இருக்கிறது. மாதமும் ஆண்டும் அந்தப் பக்கத்தின் தலையிலேயே உள்ளன. இங்கே அவற்றை எழுதவில்லை. தேதி போடாமல் எதையும் எழுதிப் பழகாதவள் நான். ஆனால் இதில் வரும் பெண்ணைத் தேதியை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமையும் மணியும் மட்டும் உள்ளபடி.

குறிப்பேட்டை இப்போது எடுத்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இன்று என் வேலையைப் பார்ப்பவள் அஞ்சு என்ற பெண். காகிதத்தை நிறுத்திவிட்டார்களாம். பிள்ளைகளின் கையில் இப்போது டேப்லெட் கொடுக்கிறார்கள். திரையில் மூன்று வட்டங்கள். தனக்கு நெருக்கமானவர்களைக் குறிக்கும் புள்ளிகளைப் பிள்ளை விரலால் இழுத்து வைக்க வேண்டும். மூன்றாவது வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியைக் கொண்டுபோனால், விரலை எடுத்ததும் அது தானாகவே வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "சேச்சி, அது பெரிய பிரச்னையா?" என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தது பதிலுக்குள் அடங்கவில்லை.

நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு மூன்று மாத ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவள். மலையாள ஊரின் தமிழ்த் தெருக்களில் ஒன்றான ஸ்ரீவராகத்தில் பிறந்தவள் என்பதால் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அந்த இரண்டும்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தன. மூன்று மாதம் நீண்டு நீண்டு ஓய்வு வயது வரை வந்தது. வஞ்சியூரில் ஒரு வாடகை வீட்டில் அலுவலகம். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் நடத்தையை வீடும் நண்பர்களும் எப்படி உருவாக்குகிறார்கள் என்று கேட்டு எழுதுவது எங்கள் பணி. இதே கேள்விகளை வேறு நாடுகளிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாள்கள் அங்கே போகும், அங்கிருந்து சந்தேகங்கள் கடிதமாக இங்கே வரும்.

எங்கள் தலைவி சுமங்கலா மேடம். கொல்லத்துக்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாங்கள் கொண்டுவரும் தாள்களை ஜன்னலோரம் நின்றபடி வாசிப்பார். பிழை கண்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தந்துவிடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பேட்டில் இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் நாம் நினைத்தது. "நீ கண்டது ஒண்ணு, தோணினது வேறொண்ணு. ரெண்டும் ஒரே பக்கத்தில் வேண்டா" என்பார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் பயிற்சி என்று சொன்னால் அதிகமில்லை.

பேட்டி முறை இது. காம்பஸால் வரைந்த மூன்று வட்டங்கள், நடுவில் 'நான்' என்ற சொல். வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் வில்லைகளைக் கண்டதும் பிள்ளைகள் கேரம் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அதனால் மேடம் சாலை என்னும் கடைத்தெருவில் பெரிய கோட்டுப் பொத்தான்கள் வாங்கி வந்தார். ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒரு சீட்டு ஒட்டி, பிள்ளை தனக்குத் தெரிந்த ஒருவர் பெயரை எழுத வேண்டும். பிறகு வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். நாங்கள் எதிரில் உட்காரக் கூடாது, பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும். பத்து நிமிடம் பேசக் கூடாது. கைபேசி அணைந்திருக்க வேண்டும். வைத்து முடித்ததும் பொத்தான்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். அதன் பின் மூன்று கேள்விகள். நல்ல செய்தியை முதலில் யாரிடம் சொல்வாய்? பயம் வந்தால் யாரிடம் போவாய்? தப்புச் செய்துவிட்டால் யாருக்குத் தெரியக் கூடாது?

வீட்டில் இருப்பவர் ஒருவரைப் பிள்ளை வெகுதூரத்தில் வைத்தால், மேடமே நேரில் போய் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். அதற்கு 'இரண்டாம் பேச்சு' என்று பெயர்.

இரண்டாம் பேச்சைக் குறைத்தவள் நான்தான்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் ஊர்த் தமிழ்த் தெருக்களின் பெண் குழந்தைகள் பலர் அப்பாவை மூன்றாவது வட்டத்தில் வைக்கிறார்களே, அவர்கள் துன்பத்தில் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் வீடுகளில் பத்து வயதுக்கு மேல் பெண் அப்பாவுக்கு நேரே நின்று பேச மாட்டாள். அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். பயிற்சியில் நானே என் அப்பாவை மூன்றாவது வட்டத்தில்தான் வைத்தேன், அவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் சாப்பிட மாட்டேன். இது மரியாதை, பயமல்ல. இப்படி எழுதி, அத்தகைய தாள்களில் 'ம' என்று குறித்துவிடலாம், இரண்டாம் பேச்சு தேவையில்லை என்று யோசனையும் சொன்னேன். மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் என் பக்கத்தைத் திருப்பித் தந்தபோது 'பயமல்ல' என்ற சொல்லுக்கு அருகில் ஒரு புள்ளி இருந்தது. எழுத்துப் பிழையோ என்று தேடினேன். இல்லை. விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் 'ம' போட்டோம்.

அறுபத்து நான்காம் எண் பெண்ணை வித்யா என்று அழைக்கிறேன். எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. அப்பா ஓர் அலுவலகத்தில் கணக்கர், கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. என் பேச்சைக் கேட்டதும் எந்த வீட்டுத் தமிழ் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, "மாமி" என்றாள். முதல் பொத்தானில் 'செல்வி' என்று எழுதி, 'நான்' என்ற சொல்லின் மேலேயே வைத்தாள், சொல் மறையும்படி. தம்பியை முதல் வட்டத்தில். அம்மாவை இரண்டில். பாட்டு டீச்சரை மூன்றில். ஐந்தாவது பொத்தானில் 'அப்பா' என்று எழுதி அதைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மூன்று வட்டங்களையும் தாண்டி, காகிதத்தையும் தாண்டி, பெஞ்சின் விளிம்பில் வைத்தாள்.

"ஆச்சு மாமி" என்றாள்.

காகிதத்தில் இல்லாத பொத்தானைச் சுற்றி எப்படிக் கோடு போடுவது? ஓரத்தில் ஒரு சிறிய அம்புக்குறி போட்டேன். பக்கத்தில் 'ம' எழுதினேன். பயம் வந்தால் யாரிடம் என்ற கேள்விக்குச் செல்வி. தப்புச் செய்தால் யாருக்குத் தெரியக் கூடாது என்பதற்கு 'அப்பாவுக்கு' என்று எழுதி, அதை அடித்து, 'யாருக்கும்' என்று மாற்றினாள். நான் சிரித்தேன். அந்த வயதில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். வலப்பக்கம் எழுத வேண்டிய நினைப்பு அது.

செல்வியைப் பற்றி அவளாகவே நிறையச் சொன்னாள். மலையாள வகுப்பில் தமிழ் பேசுவது இவர்கள் இரண்டு பேர்தான். செல்வியின் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அம்மா இப்போது தம்பானூரில் ஒரு ஓட்டல் சமையலறையில். கிள்ளிப்பாலத்தில் ஆற்றை ஒட்டிய லைன் வீட்டில் கடைசி அறை. இவள் கொண்டுபோகும் தயிர்சாதத்தைச் செல்வி தின்பாள், செல்வியின் கருவாட்டு வாடையைத் தாங்கிக்கொண்டு இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது பையன் கேலி செய்தால் இவள் அழுவாளாம். செல்விதான் எழுந்து போய் அவன் பையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வீசுவாளாம். "இப்போ நானும் வீசுவேன் மாமி" என்றாள். எங்கள் படிவத்தில் நண்பர்களைப் பற்றிய கேள்விகள் ஏராளம். பெரும்பாலானவை சந்தேகக் கேள்விகள்: உன் தோழி பொய் சொல்வாளா, வகுப்பைத் தவிர்ப்பாளா, உன்னையும் அழைப்பாளா. அப்பாவைப் பற்றி அப்படி ஒரு கேள்வியும் இல்லை.

பதினாறு நாள் கழித்து, வியாழக்கிழமை, காலை 10.50. அலுவலகத்தில் நான் மட்டும். மேடமும் மற்றவர்களும் வித்துராவில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் அலுவலகத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அதற்கு முன் யாருமில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், மடித்த குடை. வித்யாவின் அப்பா என்று சொன்னார். குழந்தை நேற்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. இரவெல்லாம் தேடியாகிவிட்டது. போலீஸில் சொல்லவில்லை, சொன்னால் தெருவில் தலை நிமிர முடியாது. பள்ளியில் யாரோ சொன்னார்களாம், நாங்கள் சிநேகிதிகளைப் பற்றி எழுதி வாங்கினோம் என்று. அவளுக்கு யார் சிநேகிதி, வீடு எங்கே, அது மட்டும் தெரிந்தால் போதும்.

தாள்கள் பூட்டில் இருக்கின்றன, காட்ட முடியாது என்றேன்.

"மாமி, நீங்க நம்மவா. தாளை யார் கேட்டா? நான் அவளோட அப்பா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். என் அப்பாவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். நான் காணாமல் போயிருந்தால் அவர் இப்படித்தான் ஒரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பார்.

பீரோவைத் திறக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கிள்ளிப்பாலம், ஆற்றோரம், லைன் வீடு, கடைசி அறை என்று வாயால் சொன்னேன்.

கை கூப்பினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் பொண்ணோட அப்பன் இந்நேரம் வீட்டுல இருப்பானா, வேலைக்குப் போயிருப்பானா?"

வேலைக்குப் போயிருப்பார் என்றேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. பெண்ணைத் தேடிப் போகிறவருக்கு அந்த வீட்டில் ஆண் இருக்கிறானா என்று ஏன் தெரிய வேண்டும்? பீரோவைத் திறந்து அறுபத்து நான்கை எடுத்தேன். அம்புக்குறியைப் பார்த்தேன். காகிதத்துக்கு வெளியே காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வட்டத்தில் வைப்பது வேறு, பெஞ்சின் விளிம்பில் வைப்பது வேறு. இன்னும் அரை அங்குலம் தள்ளியிருந்தால் பொத்தான் கீழே விழுந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவள் நான், எழுதியது ஓர் எழுத்து. மேடத்தின் புள்ளி எதற்கென்று அப்போது தெரிந்தது.

மேடத்தை அழைத்தேன். கைபேசி அணைந்திருந்தது, பேட்டி நேரம். போலீஸை அழைக்க நினைத்தேன். என்னவென்று சொல்வது? ஓர் அப்பா தன் பெண்ணைத் தேடிப் போகிறார் என்றா? 11.05க்கு ஆட்டோவில் ஏறினேன். ஓவர்பிரிட்ஜ் அருகே போராட்ட ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்திருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, சமரம் முடியாமல் நகராது மாமி, என்று வெளியே கையை நீட்டி மழை பார்த்தார். பத்து நிமிடம். ஸ்கூட்டர் என்றால் சந்துகளில் புகுந்து போயிருக்கும். நான் சொன்ன வழி ஒரு திருப்பம்கூடத் தவறாத வழி.

லைன் வீட்டின் முனையில் அந்த ஸ்கூட்டர் நின்றது. கடைசி அறையின் கதவு சாத்தியிருந்தது. வாசல்படியில் அவருடைய செருப்புகள், இரண்டும் ஒரே நேராக, ஒழுங்காக. உள்ளே சத்தமே இல்லை. அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன் நான் நின்ற நேரத்தைக் குறித்துவைக்கவில்லை. என் குறிப்பேட்டில் அன்று நேரம் விடுபட்ட ஒரே இடம் அது.

தட்டினேன். கதவைத் திறந்தது செல்வியின் அம்மா பேச்சியம்மாள். மதியம்தான் ஓட்டல் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் வீட்டில் இருந்திருக்கிறாள். அவர் அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடித்த குடை முழங்கால் மேல் இருந்தது. பெண்கள் இருவரையும் காணவில்லை.

"பிள்ள இங்க இல்லன்னு எத்தன மட்டம் சொல்லுதது?" என்றாள் அவரிடம். "நேத்து வந்துச்சு, எம் பாயிலதான் கெடந்துச்சு. சட்டைய மாத்தையில முதுகப் பாத்தேன். நீரு பாத்திருக்கீரா அந்த முதுக?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அது எங்காத்து விஷயம்."

"எம் பாயில படுத்த பெறவு எம் வீட்டு விஷயம்."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் குட்டியோடு சேர்ந்து குழந்தையின் பேச்சே மாறிவிட்டது என்றார். சாப்பிடும்போது தம்பியை 'ஏலே' என்று கூப்பிட்டாளாம். கண்டித்தால் எதிர்த்து நின்று முகத்தைப் பார்க்கிறாளாம். நண்பர்களால்தான் பிள்ளைகள் கெடுகின்றன, நீங்கள் அதைத்தானே ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்றார். பிறகு, "நீங்களே சொல்லுங்கோ மாமி. நம்மவாள்ல குழந்தையைக் கண்டிக்கறதில்லையா?" என்றார்.

ஒரு வாக்கியம் என் நாக்கு வரை வந்தது. உங்கள் குழந்தை உங்களைக் காகிதத்திலேயே வைக்கவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என்றைக்காவது அந்த வீட்டுக்குத் திரும்பினால் அதற்கான தண்டனை அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். காலையில் ஒருமுறை வாயைத் திறந்தது போதும். குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கப் போகிறேன், நீங்கள் இருக்கும்போதே அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். "உங்களை நம்பி வந்தேன்" என்றார். படியில் நின்று செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். "இவருக்கு இந்த வீட்ட யாரு காட்டுனா?"

"நான்தான்."

அவள் திட்டவில்லை. வித்யா எங்கே, பத்திரமா என்று கேட்டேன்.

"பத்திரமாத்தான் இருக்கு. எங்கன்னு ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு வழி சொல்லிப் பழகிருச்சி."

அவளுடைய வாசலில் நின்றுதான் உதவி எண்ணை அழைத்தேன், 11.52க்கு. அதிகாரிகள் வந்தபோது, அவர்களுடைய அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே பேச்சியம்மாள் இடத்தைச் சொன்னாள். அதுவும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.

மாலை நாலரைக்கு மேடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீ கண்டது எந்தா?"

"பொத்தானைப் பெஞ்சில் வைத்தாள்."

"இதில் எழுதியது எந்தா?"

'ம' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தேன். மேடம் அன்று புள்ளி வைக்கவில்லை. உட்கார்ந்து இரண்டு பக்க அறிக்கை எழுதினார். ஒரு குழந்தை எங்களிடம் நம்பிச் சொன்னதை ஓர் ஊழியர் வெளியே சொன்னார் என்று என் பெயரோடு எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கினார். 'ம' போடும் விதியை ஒப்புக்கொண்டது தாமே என்றும் எழுதித் தம் கையெழுத்தையும் போட்டார். மறுநாள் முதல் 'ம' குறித்த தாள்களை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொரு பிள்ளையாக இரண்டாம் பேச்சுக்குப் போனோம். பெரும்பாலான வீடுகளில் நான் எழுதியது சரிதான், மரியாதையே. எல்லா வீடுகளிலும் அல்ல. எத்தனை என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்த வாரங்களில் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் என் கால் தயங்கியது. உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாளும் சொல்லவிடாமல் செய்தது என் எழுத்து என்பது பயமாக இருந்தது.

வஞ்சியூர் அலுவலக வாசலில் ஏதாவது ஸ்கூட்டர் நின்றால் நான் எழுந்து பார்ப்பது நின்றதே இல்லை.

அஞ்சு, உன் கேள்விக்குப் பதில் இது. பிரச்னைதான். திரையில் வட்டங்களைச் சிறிதாக்கி, வெளியே இடம் விடச் சொல். பிள்ளை எங்கே வைக்கிறதோ, புள்ளி அங்கேயே கிடக்கட்டும். திரையை விட்டே வெளியே இழுத்தால் அதையும் பதிவு செய்ய ஒரு வழி வேண்டும். அந்த நிரலை எழுதுகிறவர்களுக்குப் புரியவில்லை என்றால் என்னை அழைக்கச் சொல்.

வித்யாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். குழந்தைகள் நலனுக்கான குழு விசாரித்து அவளை நாகர்கோவிலில் இருக்கும் சித்தியின் பொறுப்பில் விட்டது. ஆணையை மேடம் பார்த்தார், நானும் பார்த்தேன். அவள் இங்கிருந்து புறப்பட்ட நாளில் செல்வி பள்ளிக்குப் போகவில்லை. இதைச் சொன்னது வகுப்பாசிரியை. அடுத்த ஆண்டே பேச்சியம்மாள் குடும்பம் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டது. இவை மூன்றும் உறுதி.

உறுதி இல்லாதது ஒன்று. அதற்கடுத்த கோடை விடுமுறையில், சித்தி சேர்த்த பள்ளியிலிருந்து அவளுடைய மாற்றுச் சான்றிதழை யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். அதை வாங்கியவரோடுதான் அவளும் போயிருப்பாள். சித்தி வேறு ஊருக்கு மாறியதால் அவரே வாங்கினார் என்று ஒருவர் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து வாங்கினார் என்று அந்தப் பள்ளியின் பியூன் சொன்னார். வாங்கியவரின் கையெழுத்து பதிவேட்டில் இருக்கும். நான் அதைப் பார்க்க இரண்டு முறை எழுதிக் கேட்டேன், உறவினர் அல்ல என்பதால் மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரி. ஆகவே சான்றிதழை வாங்கியது சித்தியா, அப்பாவா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.